ஆயிரத்து அறுநூற்று ஐம்பது டிகிரி

அன்று கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்: மைத்ரேயி டீச்சர். மைக்கும் சிடி ரைட்டரும் கொண்டுவந்த ஹபிபுல்லா பாய். சாவி வைத்திருக்கிற ஆயா கங்கம்மா. டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவந்து, போகச் சொல்லியும் போகாமல் நின்ற ஏழாம் வகுப்பு கிரேஸ். மூன்று கம்ப்யூட்டர்கள், அதில் ஓடுவது ஒன்று. இரவு ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்த நான். அப்புறம், ஓடுகிற அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் பதிமூன்று வயதில் நான் பேசிய பேச்சு.

2009 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. மணி இரண்டே முக்கால். நாலரைக்குப் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ்ஸை டீச்சர் பிடிக்க வேண்டும். மறுநாள் காலை அங்கே கல்வி அலுவலகத்தில் ஒரு சிடியைக் கொடுக்க வேண்டும். அதைப் பிரதி எடுத்து மாவட்டத்தில் கம்ப்யூட்டர் இருக்கிற பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பப் போகிறார்கள். அந்தச் சிடியில் இருப்பது 'உலோகங்கள்' பாடம். பேசுவது நான். அதில் ஒரு தப்பு இருந்தது. நாலரைக்குள் தப்பு திருந்தாவிட்டால் பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் செய்த 'தாவரங்கள்' பாடம் போகும். என் குரல் இந்த அறையோடு நின்றுவிடும்.

எனக்கு அது போக வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பில் பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டவன் நான். கும்மிடிப்பூண்டி ஹைஸ்கூல் வருகைப் பதிவேட்டில் என் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்கள். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினேன், கொஞ்ச நாள் ஓட்டலில் நாஷ்டா டேபிள் துடைத்தேன், பதினெட்டு ஆனதும் சிப்காட்டில் ஒரு இரும்பாலையில் கான்ட்ராக்ட் ஆளாக உலைக்குப் போனேன். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை. நான் படித்ததற்கு அடையாளம் என்று எங்காவது ஏதாவது இருந்தால் அது இந்தப் பாடம்தான்.

இன்னொன்றும் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. புதன்கிழமை முதல் பீரியட் ஏழாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது பள்ளிக்கூடத்துக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். பத்து மணிக்கு ஜன்னல் வழியாக என் குரல் வரும். "தாமிரம் செந்நிறம் உடையது" என்று நான் சொல்வதை நான் கேட்டுக்கொண்டு டீ குடிப்பேன். டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார், "இன்னா தம்பி, புதங்கெழம புதங்கெழம கரெக்டா வந்து குந்திக்கிறே. எந்த டீச்சரு?"  அவர் நினைத்ததே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பாடம் செய்தது 2004இல், நான் எட்டாம் வகுப்பு. அரசாங்கம் மூன்று கம்ப்யூட்டரும் ஒரு பெட்டி சிடியும் கொடுத்திருந்தது. சிடியில் இருந்த பாடங்களில் பேசியவர்கள் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினார்கள். பசங்க தூங்கினோம். மைத்ரேயி டீச்சர் அப்போதுதான் தொகுப்பூதியத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக வந்திருந்தார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். பி.காம் படித்தவர். இரண்டு மாதம் நாங்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "நாமளே பண்ணிடலாம்டா. உங்களுக்குள்ள ஒருத்தன் பேசினா தூங்க மாட்டேள்" என்றார்.

படங்களை நியாஸ் போட்டான், எழுத்தை நான்கைந்து பேர் மாறி மாறி அடித்தோம். பேசுவதற்கு எல்லோரையும் பேசவைத்துப் பார்த்தார். என்னை எடுத்தார். எனக்குக் குரல் ரொம்பத் தாமதமாகத்தான் உடைந்தது. பதிமூன்றிலும் மணி மாதிரி இருக்கும். வகுப்பில் அதற்காகக் கிண்டல் வாங்கியவன், அதே குரலுக்காக நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த ரெக்கார்டர் ஒரு நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. அறுபதாவது நொடியில் வார்த்தை பாதியில் இருந்தாலும் வெட்டிவிடும். அதனால் பாடத்தையே பதினான்கு ஸ்லைடாக வெட்டினோம், ஸ்லைடுக்கு ஒரு நிமிஷம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சத்துணவுக் கூடத்துச் சாக்கை அதன்மேல் தொங்கவிட்டு, வேர்வை வழிய உட்கார்ந்து பேசினேன். பக்கத்து ஆலையில் உலை சூடேறத் தொடங்கினால் பள்ளிக்கூடத்து டியூப்லைட் மங்கும், கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தும். பேசினதெல்லாம் போகும். மறுபடி பேசுவேன். மூன்று வாரம். அந்த மூன்று வாரம் மாதிரி இன்னொன்று வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

தப்பு வந்தது இப்படித்தான். புத்தகத்தில் இரும்பின் உருகுநிலை 1538 டிகிரி என்று போட்டிருந்தது. நான் படிக்கத் தொடங்கினதும் சாலமோன் எழுந்தான். "டீச்சர், அது ராங்கு. எங்கப்பா 1650னு சொல்வாரு."

"எங்க நைனாவும் அதான் சொல்லுது டீச்சர்" என்றேன் நான். "கம்பிய உருக்குல முக்குவாங்க. போர்டுல செவப்பா நம்பர் வரும். 1650 வந்தாத்தான் ஊத்துவாங்க."

வகுப்பில் நாற்பது பேர். முப்பது பேர் வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஆலையில். முப்பது பேரும் 1650 என்றார்கள். டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். போன மாதம்தான் அதே புத்தகத்துக்குப் பிழைதிருத்தம் என்று ஒரு காகிதம் வந்திருந்தது. "தினம் பாக்கறவா சொல்றா. புக்கு எழுதினவர் உலையைப் பாத்திருப்பாரோ என்னமோ" என்றார். நான் 1650 என்று நான்கு ஸ்லைடில் சொன்னேன். நாலு, ஒன்பது, பன்னிரண்டு, கடைசியில் கேள்வி கேட்கிற ஸ்லைடு.

ஐந்து வருஷம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சையில் 1650 என்று எழுதினார்கள். நடுவில் வந்த சயன்ஸ் சார் ஒருவர் தப்பு போட்டார். பிள்ளைகள் "கம்ப்யூட்டரே சொல்லிச்சு சார்" என்று சண்டைக்குப் போனார்கள். சார் இரண்டு பேரை அடித்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பாடம் அப்படியே இருந்தது. இப்போது மாவட்டத்துக்கே போகிறது என்றதும் அலுவலகத்தில் யாரோ புத்தகத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள்.

டீச்சர் எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். நாலு ஸ்லைடு, நாலு நிமிஷம், பேசிவிட்டுப் போ என்று.

நான் உள்ளே வந்ததும் கிரேஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கையில் பொறி தெறித்த வடு, இரண்டு நாள் தாடி. "டீச்சர், இந்த அண்ணன் யாரு?"

"இவன்தான் துளசி."

"பொய்யி. துளசி அக்கா பொண்ணு."

முதல் ஸ்லைடில் 'குரல்: துளசி' என்று போட்டிருந்தோம். துளசிராமன் என்று முழுதாகப் போட இடம் இல்லை. ஐந்து வருஷமாக நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் அக்கா.

கங்கம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அக்காவுக்கு மீச மொளச்சிக்கிச்சி, பாரு." ஹபிபுல்லா பாய் தலையைத் தூக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவர், பழவேற்காட்டுக்காரர். கடையை மச்சானிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். "சிரிச்சது போதும். நாலு மணிக்கு நான் சிடி எழுத ஆரம்பிக்கணும். அப்புறம் பேஜாராப் போவும். குந்து தம்பி."

உட்கார்ந்தேன். அதே நாற்காலி. முட்டி மேஜையில் இடித்தது. டீச்சர் பழைய தாளில் எண்ணை மட்டும் அடித்துத் திருத்தி எதிரில் வைத்தார். சிவப்புப் பொத்தானை பாய் அழுத்தினார். நான் படித்தேன்.

"இரும்பின் உருகுநிலை ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்தெட்டு டிகிரி."

திரையில் ஒரு கறுப்புப் பெட்டியில் பச்சைக் கோடு ஓடும். பேசினால் கோடு மேலும் கீழும் குதிக்கும். நான் பேசினதும் கோடு பெட்டியின் மேலும் கீழும் போய் முட்டி, பெட்டி முழுக்கப் பச்சையானது.

"ஏண்டா கத்தறே?" என்றார் டீச்சர்.

"கத்தலியே டீச்சர்."

"இதுவும் கத்தல்தான். மெதுவாச் சொல்லு."

உலைப் பக்கம் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. கிரேன்காரனுக்குக் கேட்கவில்லை என்றால் வாளி என் தலைமேல் வரும். ஒரு வருஷமாக உப்பு கேட்டாலும் கத்தித்தான் கேட்கிறேன். அது கத்தல் என்று அன்றுதான் தெரிந்தது. மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். குரல் தொண்டையில் உடைந்து காற்று மட்டும் வந்தது. மைக்கைத் தள்ளி வைத்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. நாலாவது தடவை ஓரளவு சரியாக வந்தது. பாய் அதைப் பாடத்துக்குள் வைத்து, மூன்றாவது ஸ்லைடிலிருந்து ஓட்டினார்.

பதிமூன்று வயதில் நான் சொன்னேன், "உலோகங்கள் வெப்பத்தைக் கடத்தும். வாங்க, இரும்பைப் பற்றிப் பார்க்கலாம்." அந்த 'வாங்க' இன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த ஸ்லைடு வந்தது. லாரி ரிவர்ஸ் எடுக்கிற இடத்தில் நிற்கிறவன் குரலில் நான் சொன்னேன், "இரும்பின் உருகுநிலை..."

கிரேஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். கங்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாய்க்கே வயிறு குலுங்கியது. "தப்பா நெனச்சுக்காத தம்பி. பொம்பளப் புள்ளைய போலீஸ் புடிச்ச மாதிரி கீது."

எனக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மொத்தத்தையும் நானே மறுபடி பேசிடறேன் டீச்சர். பதினாலும்."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. "பேசிப் பாரேன்" என்றார். பார்த்தேன். முதல் ஸ்லைடில் மூன்று இடத்தில் தட்டினேன். படித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுத்து தெரியாமல் இல்லை. கண் ஒரு வார்த்தையில் நின்றால் வாய் அதற்கு முன்னாடி வார்த்தையில் நிற்கிறது. ஒரு நிமிஷத்துக்குள் அடங்கவில்லை. "பண்புகளை" என்று சொல்லப்போனபோது ரெக்கார்டர் வெட்டிவிட்டது. இரண்டாவது தடவை அவசரப்படுத்திப் படித்தேன், பட்டியல் வாசிக்கிற மாதிரி. தூங்கவைக்கிற சிடியில் பேசியவர்களே தேவலாம்.

கதவு லேசாகத் திறந்து ஆறாம் வகுப்பு மூஞ்சி ஒன்று எட்டிப் பார்த்தது. "துளசி அக்கா வந்துக்கிதாமே?" கங்கம்மா ஒரு அதட்டல் போட்டாள். மூஞ்சி போனது. வெளியே பத்துப் பேர் ஓடும் சத்தம் கேட்டது.

டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "துளசி, பொன்னேரிப் பாடமே போகட்டும்டா. அதுவும் நன்னாத்தான் இருக்கு."

ஒரு பொறுப்புள்ள ஆளாக இருந்திருந்தால் சரி என்று எழுந்திருப்பேன். நான் எழவில்லை. "இன்னும் ஒருவாட்டி" என்றேன். என் குரல் அறை முழுக்க இடித்தது.  பாய் மைக்கின் ஒயரைச் சுற்றத் தொடங்கியிருந்தார்.

அப்போதுதான் கிரேஸ் தானாகச் சொன்னாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. திரையில் நின்றிருந்த மூன்றாவது ஸ்லைடைப் பார்த்து, வாய்ப்பாடு சொல்கிற மாதிரி ஆடிக்கொண்டே சொன்னாள்: "உலோகங்கள் வெப்பத்தைக் கடத்தும். வாங்க, இரும்பைப் பற்றிப் பார்க்கலாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்பீக்கரில் ஓடுகிறதோ என்று ஒரு நொடி நினைத்தேன். 'வெப்பத்தை'க்கு அப்புறம் நான் எச்சில் விழுங்கியிருப்பேன், சின்னதாக ஒரு நிறுத்தம் இருக்கும். அதையும் விழுங்கினாள். 'வாங்க'வை நான் இழுத்த இழுப்பு இருந்தது.

"இன்னா புள்ள, முழுசும் தெரியுமா?" என்றார் பாய்.

"எல்லாருக்கும் தெரியும். பசங்க பாத்ரூம் போவும்போதெல்லாம் துளசி அக்கா மாரி பேசிக்கினே போவாங்க. நான்தான் கரெக்டா பேசுவேன்."

பாய் ஒயரைப் பிரித்தார். எண் மாற்றின நாலாவது ஸ்லைடைக் கிரேஸ் பேசினாள். தாளைக்கூடப் பார்க்கவில்லை. எண்ணில் மட்டும் ஒருதரம் 1650 என்று போய், நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி பேசினாள். பாய் அதை என் மூன்றாவது ஸ்லைடுக்கும் ஐந்தாவது ஸ்லைடுக்கும் நடுவில் வைத்து ஓட்டினார்.

ஒட்டிக்கொண்டது. பேசியவனான எனக்கே வித்தியாசம் தெரிய இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்தது. என் குரலோடு ஒட்டுகிற குரல் என்னிடம் இல்லை. இந்தப் பெண்ணிடம் இருந்தது.

டீச்சர் என்னைப் பார்த்தார். "என்னடா சொல்றே?"

"இந்தப் புள்ளயே பேசட்டும். நாலு ஸ்லைடும்."

"உனக்குப் பரவால்லையா?"

"பஸ்ஸு போய்டும் டீச்சர்."

மூன்று நாற்பது. ஒன்பதாவது ஸ்லைடுத் தாளை டீச்சர் எடுத்தார். அதில்தான் 1650ஐப் பற்றி நிறையப் பேசியிருந்தேன், போர்டு, சிவப்பு நம்பர் எல்லாம். அவர் பேனாவால் மொத்தத்தையும் அடிக்கப் போனார்.

"டீச்சர், அத அடிக்காதீங்க."

"தப்பாச்சேடா."

"நம்பர் தப்பில்ல. உருகறதுதான் 1538ல. ஆனா அத்தோட நிறுத்தினா ஊத்தறதுக்குள்ள வாளியிலயே உறைஞ்சிபூடும். போன மாசம் ஒரு ஷிப்ட் அப்டிதான் உறைஞ்சிச்சு, விடிய விடிய வெட்டி எடுத்தோம். அதுக்குதான் 1650 வரிக்கும் ஏத்துறாங்க. நைனா போர்டுல பாத்தது மெய்தான். நாங்கதான் அத உருகுநிலைன்னு நெனச்சிக்கினோம்."

டீச்சர் பேனாவை என் பக்கம் நீட்டினார். "எழுதிக் குடு" என்றார்.

"புக்குல இல்லியே" என்றார் பாய். "ஆபீஸ்ல கேப்பாங்க."

"இது தப்பு இல்லையே, பாய். கேட்டா நான் சொல்லிக்கறேன்."

பேனாவை வாங்கி எழுதினேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் எழுதின முதல் நாலு வரி. "இரும்பு 1538 டிகிரியில் உருகும். ஆனால் ஆலையில் 1650 டிகிரி வரை சூடேற்றுவார்கள். இல்லாவிட்டால் அச்சில் ஊற்றும் முன்பே அது ஆறி உறைந்துவிடும். உங்கள் வீட்டில் ஆலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்." கிரேஸ் படித்துப் பார்த்தாள். "கையெழுத்து அசிங்கமாக் கீதுண்ணா" என்றாள். அக்கா போய் அண்ணா ஆகியிருந்தேன். டீச்சர் கடிகாரத்தை வைத்துப் படித்துப் பார்த்தார். மொத்தம் ஐம்பத்திரண்டு நொடி. அடங்கும்.

பாய் ஃபேனை நிறுத்தினார். கிரேஸ் நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாய் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அவள் வாயைத் திறக்கும் முன்பே பச்சைக் கோடு நடுங்கியது. பாய் நிறுத்தினார். எல்லோரையும் வாயை மூடச் சொல்லி மறுபடி அழுத்தினார். யாரும் பேசவில்லை. கோடு மேலே போனது, கீழே வந்தது, மேலே போனது.

"யாரு மூச்சு இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புகைக்குள் நின்று நின்று எனக்கு மூச்சு விசில் மாதிரி வரும். எனக்குக் கேட்பதில்லை. அடக்கிப் பார்த்தேன். அடக்கினால் இருமல் வந்தது.

"தம்பி, நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

டீச்சர் என் முழங்கையைத் தொட்டார். "சாப்பிட்டியாடா?" என்றார். "சாப்ட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை.

"ஆயா, நீயும் போயி வெளிய பூட்டிடு" என்றார் பாய். "இப்ப பெல் அடிச்சா பசங்க பூந்துடுவாங்க. நான் கதவத் தட்டினா தொற."

கங்கம்மா சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள். கிரேஸ் என் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்தேன். கங்கம்மா எனக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைப் போட்டு, ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.